முதுகு விட்டுப்போன புத்தகங்கள்: வாசகர் கேள்விகள், பைண்டர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புத்தக முதுகைப் பற்றியவை. மீதியும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன. பதிலுக்குப் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதுகை எல்லோரும் அட்டையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள். பைண்டர் கண்ணுக்கு அது கதவுக் கீல். அசைவதுதான் அதன் வேலை. அதை அசையவிடாமல் இறுக்கினால் விரிசல் போகாது, பக்கத்து இடத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். என் மேசைக்கு வரும் புத்தகங்களில் படித்துப் படித்துக் கெட்டவற்றைவிட, பழுது பார்த்துக் கெட்டவைதான் அதிகம்.

புதிதாக வாங்கிய தடித்த நாவல். முதல் தடவை விரித்ததுமே ‘படக்’ என்று சத்தம். முதுகில் நெடுக்க ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. தப்பு என்னுடையதா, அச்சகத்துடையதா?

கொஞ்சம் உங்கள் கை, நிறைய அந்தப் பைண்டிங். மெல்லிய அட்டை போட்டு வருபவை பெரும்பாலும் பர்ஃபெக்ட் பைண்டிங். பெயரில் மட்டும்தான் பர்ஃபெக்ட். மடித்து அடுக்கிய பாரங்களின் (பல பக்கங்கள் அச்சான பெரிய தாளை மடித்த கட்டுகள்) மடிப்பை இயந்திரம் சீவித் தள்ளிவிடும். உதிரித் தாள்களாகிவிட்ட அந்தக் கட்டின் ஓரத்தைச் சொரசொரப்பாக்கி, சூட்டில் உருக்கிய பசையைத் தடவி, அட்டையைச் சுற்றி அழுத்திவிடுவார்கள். சில நொடிகளில் இறுகிவிடும். நூலே இல்லாத நூல்! வழக்கமாகப் பயன்படும் ஈ.வி.ஏ. பசை வயதானாலும் குளிர்ந்தாலும் விறைத்துப்போகும். நீங்கள் கேட்ட ‘படக்’ அந்தப் பசை உடைந்த சத்தம். பாலியூரித்தேன் வகைப் பசை போட்ட புத்தகங்கள் இதைவிட நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் எந்தப் பசை என்று யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை.

அடுத்த புத்தகத்துக்கு இப்படிச் செய்யுங்கள். முதுகு மேசையில் படும்படி நிறுத்துங்கள். முன்னட்டையைச் சாய்த்து, கீல் ஓரமாக விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை நீவுங்கள். பிறகு பின்னட்டை. பிறகு முன்பக்கம் இருபது தாள், பின்பக்கம் இருபது தாள் என்று மாறி மாறி நடுவை நோக்கி வாருங்கள். அழுத்தம் வேண்டாம், நீவினால் போதும். ஐந்து நிமிட வேலை. நேராக நடுப்பக்கத்தைப் பிளந்தால் முழு வளைவும் ஒரே இடத்தில் விழுகிறது. முதுகு உடைவது அங்கேதான். புத்தகம் குளிரில் இருந்து வந்திருந்தால் அறைச் சூட்டுக்கு வரட்டும், அதற்குப் பிறகு பிரியுங்கள்.

ஏற்கெனவே விழுந்த வெள்ளைக் கோடு போகாது. அட்டையின் லேமினேஷனும் மையும் மடிந்து உடைந்த தழும்பு அது. உள்ளே தாள் கழலாதவரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தையல் போட்ட புத்தகமா, வெறும் பசையா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகின் மேல்நுனியைக் குனிந்து பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. ஆனால் மடிப்பைச் சீவாமல் அதில் வெட்டு மட்டும் போட்டுப் பசை ஏற்றும் முறையும் உண்டு. அதுவும் மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும். அதனால் ஒரு கட்டின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். மடிப்பில் நூல் ஓடினால் அது தையல்.

அலமாரியில் இருந்து எடுக்கும்போதெல்லாம் முதுகின் மேல்நுனிதான் கிழிகிறது.

ஆள்காட்டி விரலை மேல்நுனியில் கொக்கிபோல மாட்டி இழுக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான். கெட்டி அட்டைப் புத்தகத்தில் அந்த நுனிக்குப் பின்னால் பிடிமானமாக எதுவும் இல்லை, துணியோ காகிதமோ தனியாக நிற்கிறது. முழுப் புத்தகத்தின் எடையையும் அது தாங்காது. இருபக்கத்துப் புத்தகங்களையும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளிவிட்டு, வேண்டியதை முதுகின் நடுவில் பிடித்து எடுங்கள். பின்னால் இடம் விட்டு அடுக்கியிருந்தால் மேலே கைவிட்டு எதிர் விளிம்பிலிருந்து முன்னே தள்ளலாம். புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் விரல் நுழையவில்லை என்றால் அலமாரி நெரிசலாக இருக்கிறது. ஒரு புத்தகத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

முதுகு கிழிந்த பழைய அகராதி. கண்ணாடி டேப் ஒட்டலாமா? ‘புத்தகங்களுக்கானது’ என்று எழுதிய டேப்பும் கிடைக்கிறதே?

சாதாரண டேப் வேண்டவே வேண்டாம். ஒட்டிய நாளில் அழகாகத்தான் இருக்கும். வருடங்கள் போகப் போகப் பசை மஞ்சளாகி, ஒழுகி, காகிதத்துக்குள் இறங்கும். பிறகு ஒருநாள் மேலே இருந்த பிளாஸ்டிக் தானாக உதிர்ந்துவிடும். அதன் அகலத்துக்கு ஒரு பழுப்புப் பட்டை மட்டும் மிஞ்சும். எண்ணெய் ஊறினதுபோல் பின்பக்கத்து எழுத்து அதன் வழியே தெரியும். கிழிசலை அரைமணியில் சரிசெய்யலாம். இந்தப் பட்டையை எடுக்க ஒரு நாள் போனாலும் முழுதாகப் போவதில்லை.

நூலகங்கள் பயன்படுத்தும் அகலமான துணி டேப், ஓடி ஓடித் தேய்ந்து கடைசியில் கழிக்கப்படும் பிரதிகளுக்குச் சரி. உங்கள் அகராதி அந்த வகை என்றால் தாராளமாக ஒட்டுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம் என்றால் ஜப்பானியத் தாளும் ஸ்டார்ச் பசையும்தான். அந்தத் தாளின் நார் நீளம், அதனால் மெல்லிசாக இருந்தாலும் கிழியாது. பசையை ஈரத்தால் இளக்கி எடுக்கலாம். நாளைக்கு என்னைவிடக் கைதேர்ந்தவர் ஒருவர் வந்து என் வேலையைப் பிரித்துத் திருத்த முடிய வேண்டும் இல்லையா?

அதுவரை ஒரு தற்காலிக வழி: மென்மையான பருத்தி நாடாவால் கட்டி, முடிச்சு எதிர் விளிம்பில் வரும்படி வையுங்கள். ரப்பர் பேண்ட் கூடாது. அது அட்டையைக் கடித்துவிட்டு, பிறகு உருகி ஒட்டிக்கொள்ளும்.

கெட்டி அட்டைப் புத்தகம். உள்ளே தாள்கட்டு ஆடுகிறது, முதுகுக்கும் தாளுக்கும் நடுவே ஓட்டை தெரிகிறது. அதில் பசை ஊற்றிவிடலாமா?

ஊற்றாதீர்கள். நான் ஊற்றியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலம். தடித்த ஒரு புத்தகத்தின் முதுகில் இதே இடைவெளியைப் பார்த்துவிட்டு, ‘அடடா, பசை விட்டுப்போயிருக்கிறது’ என்று நினைத்து வெள்ளைப் பசையைத் தாராளமாக விட்டு, கட்டி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் புத்தகம் பலகைபோல் இருந்தது. பிடித்துத் திறந்தேன், முதுகுத் துணி நடுவில் நெடுக்கப் பிளந்தது. அந்த இடைவெளி பழுதே இல்லை, வேண்டுமென்றே விட்டது. புத்தகம் திறக்கும்போது தாள்கட்டின் முதுகு உள்வளைய வேண்டும். அட்டையின் முதுகு வளையாமல் பின்னால் விலகி நிற்க வேண்டும். அதற்கான இடம் அது.

ஆட்டத்துக்குக் காரணம் வேறு இடத்தில். அட்டையும் தாள்கட்டும் சேருவது இரண்டு பக்கக் கீல் பள்ளங்களில். அங்கேதான் பசை விட்டிருக்கும். ஸ்வெட்டர் பின்னும் நீள ஊசி ஒன்றைப் பி.வி.ஏ. எனும் வெள்ளைப் பசையில் தோய்த்து வழித்து, மெல்லிய பூச்சு மட்டும் மிஞ்சும்படி எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை நிறுத்தி, மேல்நுனி வழியாக அட்டைப் பக்கக் கீலை ஒட்டி ஊசியை விட்டு உருட்டி எடுங்கள். முதுகின் நடுவில் படக் கூடாது. கீழ்நுனியிலிருந்தும் ஒருமுறை. பிறகு அட்டைக்கு உள்பக்கம் மெழுகுத்தாள் வைத்து மூடி, இரண்டு பள்ளங்களிலும் ஆளுக்கொரு ஊசியைப் பதித்து, மேலே கனமான இரண்டு புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். தையலே அறுந்திருந்தால் இது உதவாது, பைண்டரிடம்தான் போக வேண்டும்.

மெல்லட்டைப் புத்தகத்தில் பக்கங்கள் கொத்தாக உதிர்கின்றன. எந்தப் பசை நல்லது?

ஒன்றிரண்டு தாள் என்றால், உள் ஓரத்தில் 3 மி.மீ. அகலத்துக்குப் பி.வி.ஏ. தடவி, அதன் இடத்தில் செருகி, மூடி, பாரம் ஏற்றினால் போதும். தடவும்போது மீதிப் பக்கத்தை வேறொரு காகிதத்தால் மறைத்துக்கொண்டால் பசை வழியாது. உடனே பிடிக்கும் சூப்பர் பசை வேண்டாம், கண்ணாடிபோல் இறுகிவிடும்.

கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் பழைய பசை செத்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் புதுப் பசை போடுவது பாசி படிந்த சுவரில் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. முழுவதும் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, தாள்கட்டை விசிறிபோல் ஒருபக்கம் சாய்த்துப் பசை தடவி, மறுபக்கம் சாய்த்து இன்னொரு தடவை தடவ வேண்டும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் நூலிழை அகலத்துக்குப் பசை ஏறிவிடும். ஜெர்மனிக்காரர் எமில் லும்பெக் பெயரால் அழைக்கப்படும் முறை இது. வீட்டிலும் செய்யலாம், ஆனால் முதல் சோதனையைப் பழைய வாரப் பத்திரிகையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசையை மட்டும் நம்பின புத்தகம் காலை வாருவது புதுக் கதையும் இல்லை. 1836-இல் வில்லியம் ஹான்காக் என்பவர் ரப்பர் கரைசலால் தாள்களை ஒட்டும் பைண்டிங்குக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். படப் புத்தகங்களுக்கு அது அருமையாகப் பொருந்தியது, பக்கங்கள் தட்டையாக விரிந்தன. ரப்பர் மக்கியதும் அத்தனை படங்களும் உதிர்ந்தன. இதற்கு நேரெதிர், 1966 நவம்பரில் ஃபிளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது நடந்தது. தையலை நம்பி, பசையே அநேகமாக இல்லாமல், வளைந்துகொடுக்கும் தோல்தாளில் அட்டை போட்ட பழைய புத்தகங்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்திருந்தன. மீட்புப் பணிக்குப் போன பைண்டர்கள் அதைப் பார்த்துவிட்டு அந்தப் பழைய முறையை மறுபடி கற்றுக்கொண்டார்கள்.

படித்து முடித்ததும் புத்தகம் ஒருபக்கமாகக் கோணிக்கொள்கிறது.

முன்பக்கத்தைப் பின்னால் மடக்கிப் பிடித்துப் படித்திருப்பீர்கள். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னிருந்து முன்னே விரித்துக்கொண்டு வாருங்கள். கையால் நேராக்கி, சில நாள் பாரத்துக்கு அடியில் வையுங்கள். தையல் புத்தகம் அநேகமாகச் சரியாகும். பசைப் புத்தகம் பாதி சரியாகும்.

ஜன்னலோர அலமாரி. சிவப்பு முதுகுகள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன.

வெளிறினது திரும்பாது. வெளிச்சத்தின் சேதம் கணக்குப் புத்தகம் மாதிரி, கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறையாது. நிறம் போகும் பொருட்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் விடுவதில்லை. ஜன்னலோரம் அதைப்போல் பல மடங்கு. கண்ணாடியில் புறஊதாத் தடுப்புப் படலம் ஒட்டினால் வேகம் குறையும், நிற்காது. திரை போடுங்கள், அல்லது அலமாரியை நகர்த்துங்கள். மேலுறைக்குப் பிளாஸ்டிக் உறை போடுவதானால் பாலியெஸ்டர் படலமாக இருக்கட்டும். பி.வி.சி. நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும்.

முதுகுத் துணியை ஏதோ பூச்சி அரித்திருக்கிறது, உள்ளே இருக்கும் பக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அட்டைமேல் ஒட்டும் காலிகோ என்ற பருத்தித் துணிக்கு விறைப்பூட்டக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள், முதுகில் பசையும் உண்டு. கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அதுதான் தீனி. மேலாகச் சுரண்டித் தின்றிருந்தால் இவை. பொடி உதிரும் உருண்டைத் துளை என்றால் புத்தகப் புழு. சந்தேகமான புத்தகத்தைக் காற்றுப் புகாமல் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள், வியர்ப்பது பைக்கு வெளியே வியர்க்கட்டும். தோல் பைண்டிங்கை இதில் வைக்க வேண்டாம். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டவிட்டால் பூச்சியோடு பூஞ்சையும் வந்துசேரும்.

தாத்தா காலத்துத் தோல் பைண்டிங். தொட்டால் கையெல்லாம் செந்தூள். எண்ணெய் தடவலாமா?

கூடாது. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றில் உள்ள கந்தக மாசால் அமிலமாகி மக்குவது இது. எண்ணெய் அந்தத் தூளைக் கறுப்புச் சேறாக்கும், தோலை மீட்காது. ஆல்கஹாலில் கரைத்த ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொருளைத் தடவினால் தூள் உதிர்வது நிற்கும். மக்கின தோல் மறுபடி பலம் பெறாது. அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, அளவுக்கு ஒரு பெட்டி செய்து வைப்பதே போதும்.

வீடு மாறுகிறோம். பெட்டியில் புத்தகங்களை எப்படி அடுக்குவது?

படுக்கை வசமாக, இல்லையென்றால் முதுகு கீழே இருக்கும்படி. முதுகை மேலே வைத்து நிறுத்தினால் தாள்கட்டின் எடை முழுக்கக் கீல்களில் தொங்கும், வழியெல்லாம் குலுங்கும். சின்னப் பெட்டியாக எடுங்கள். பெரிய பெட்டியைத் தூக்க முடியாமல் ‘தொப்’பென்று போட்டுவிடுவீர்கள்.