பாம்பு எங்கே காத்திருக்கும்?

கேள்வி: பாலைவனம் முழுக்க ஒரே மணல். அதில் பாம்பு எங்கே கிடந்தால் என்ன, இரை தற்செயலாக வந்து அகப்படுவதுதானே? கண்ணால் வசியம் செய்து இழுக்கும் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். எது சரி?
– நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இரண்டும் சரியில்லை. வசியப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். எந்தப் பாம்புக்கும் அந்த ஆற்றல் கிடையாது. 'ஒரே மணல்' என்பதும் நம் கண்ணுக்குத்தான். எலி ஓடிய தடம், பல்லி வெயிலுக்கு ஒதுங்கும் பற்றை, வளைவாசல் எல்லாம் அந்த மணலில் உண்டு. பாம்பு பிளவுண்ட நாக்கை நீட்டி, மணலிலும் காற்றிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் உறுப்பொன்றில் சேர்த்து அவற்றை அறிகிறது.

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் சைட்விண்டர் என்றொரு கிலுகிலுப்பை விரியன் இருக்கிறது. இரவில் அலைந்து திரிந்து, தோதான இடம் கிடைத்ததும் உடலைச் சுருட்டி, அசைந்து அசைந்து மணலை ஒதுக்கி, முதுகு மணல்மட்டத்துக்கு வரும்வரை இறங்கிவிடும். அனேகமாக அந்த இடம் ஒரு பற்றையோரமாக இருக்கும். ஏன் பற்றையோரம்? அதன் முக்கிய இரைகளில் ஒன்று கங்காரு எலி. வெட்டவெளியில் அந்த எலிக்கு ஆந்தைப் பயம். நிலவு காலத்தில் அது இன்னும் கூடும். ஆகவே பற்றையை ஒட்டி நடமாடப் பார்க்கும். பாம்பு அங்கேயே கிடக்கிறது. வெளியில் ஆந்தை, பற்றையில் பாம்பு என்று இரண்டுக்கும் நடுவில்தான் அந்த எலி தீனி தேடுகிறது. பாம்பு எங்கே படுப்பது என்பதில் ஆந்தைக்கும் பங்கிருக்கிறது என்றால் நம்புவீர்களா? எனக்கு இதைவிட வியப்பான செய்தி இந்த விடயத்தில் வேறில்லை. இன்னொன்று: பாம்பைக் கண்டுகொண்ட கங்காரு எலி பின்னங்காலால் நிலத்தைத் தட்டும். மறைவு வெளிப்பட்ட பிறகு பாம்பு அங்கே கிடந்து பயனில்லை.

தென்மேற்கு ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் பெரிங்கே விரியன் உண்டு; நீளம் ஓர் அடி அளவுதான். கண்கள் தலையின் உச்சியில் இருப்பதால், உடலைப் புதைத்துக்கொண்டு கண்ணையும் வால்நுனியையும் மட்டும் வெளியே விடமுடிகிறது. வால்நுனியைப் புழு நெளிவதுபோல் ஆட்டும். பல்லி கிட்ட வரும். 'இழுக்கும்' கதைக்கு ஆகக் கிட்ட வருவது இதுதான். அங்கும் பல்லியை இழுப்பது அதன் பசியே.

சரி, நம் திருகோணமலைக்கு வருவோம். சுருட்டை விரியன் கிழக்குக் கரையோர மணற்பாங்கான இடங்களிலும் வாழ்கிறது. தம்பலகாமத்து வயல் வரம்பிலும், நெல்மூட்டை அடுக்கிய கொட்டில் ஓரத்திலும் புடையன் (கண்ணாடி விரியன்) கிடப்பது எலிக்காக. பாம்புக்குப் பயந்து பற்றைக் காணியை எரிப்பவர்கள், சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளாமல் விடுவதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. எலி வந்துபோகும்வரை, இன்று அடித்த பாம்பின் இடத்துக்கு நாளை இன்னொன்று வரும். இரவில் டோர்ச்சும் சப்பாத்தும் இல்லாமல் வயலுக்குள் இறங்காதீர்கள். கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்; விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.