ஜப்பானிய பேஸ்பால் வீரர்கள் பற்றி அமெரிக்க ஊடகம் ஏன் அடிக்கடி பல்டி அடிக்கிறது?

முக்கியக் காரணம் அவசரம்தான். ஜப்பானில் ஒருவர் எத்தனை வருடம் சாதித்திருந்தாலும், அமெரிக்காவில் ஆடும் முதல் சில ஆட்டங்களை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

2018 மார்ச்சில், பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் செய்யும் ஜப்பானிய வீரர் ஓதானி, பயிற்சி ஆட்டங்களில் 32 முறை பேட் செய்து 4 ஹிட் (பந்தை அடித்து பத்திரமாக பேஸை அடைவது) மட்டும் எடுத்தார், பந்துவீச்சிலும் நன்றாக அடி வாங்கினார். உடனே, இவரைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்ப வேண்டும், பள்ளிப் பையன் மாதிரி பேட் செய்கிறார் என்றெல்லாம் எழுதினார்கள். ஏப்ரலில் அடுத்தடுத்து ஆடிய மூன்று ஆட்டங்களில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) வந்ததும் அதே ஊடகம் பழம்பெரும் அமெரிக்க வீரர் பேப் ரூத்தோடு ஒப்பிட ஆரம்பித்தது. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே.

பணமும் ஒரு காரணம். ஜப்பானியப் பந்துவீச்சாளர் யமமோட்டோவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் அணியான டாட்ஜர்ஸ் கொடுத்தது 12 வருடத்துக்கு 32.5 கோடி டாலர், அதனால் 2024இல் சியோலில் நடந்த தன் முதல் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் 5 ரன் (பேஸ்பாலில் இது மிக அதிகம்) கொடுத்ததும் "இதற்கா இவ்வளவு?" என்ற கேள்வி கிளம்பியது. ஆனால் 2025 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) சிறந்த வீரர் அவர்தான், ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிவிட்டு மறுநாளே ஏழாவது ஆட்டத்திலும் வந்து வீசினார்.

எல்லாருக்கும் இப்படித் திரும்பாது, அதையும் சொல்லணும். 1997இல் பெரும் ஆரவாரத்தோடு நியூயார்க் அணியான யாங்கீஸுக்கு வந்த ஜப்பானியப் பந்துவீச்சாளர் இராபுவை, 1999இல் அணி உரிமையாளரே கொழுத்த தேரை என்று பழித்தார். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.