கேள்வி நேரம்: ஓப்பன்ஹைமரை வீழ்த்தியது எது?

கேள்வி: அணுகுண்டை உருவாக்கிய ஓப்பன்ஹைமர் மீது தேசத்துரோக வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்ததாமே, உண்மையா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதியை அவருக்குத் தொடரலாமா என்பதுதான் விசாரணை. 1953 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற அணுசக்திக் குழுவின் முன்னாள் அலுவலர் வில்லியம் போர்டன், ஓப்பன்ஹைமர் சோவியத் உளவாளியாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. 1954 ஏப்ரல் 12-ல் மூவர் குழு விசாரணையைத் தொடங்கியது.

அந்த விசாரணை நடந்த விதம்தான் பெரிய அநீதி. அரசுத் தரப்பின் ராஜர் ராப், ரகசியக் கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். ஓப்பன்ஹைமரின் வழக்கறிஞர் லாயிட் கேரிசனுக்கோ அவற்றைப் பார்க்க அனுமதி இல்லை. வழக்கறிஞர்களுடன் பேசியதையும் எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டது. சோவியத்துக்கு ரகசியம் அனுப்ப வழி இருக்கிறது என்று நண்பர் செவாலியே தன்னிடம் சொன்ன விஷயத்தில், 1943-ல் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஓப்பன்ஹைமர் பொய் சொன்னது உண்மை. ஆனால் அந்தப் பேச்சு ரகசியமாகப் பதிவானது அவருக்குத் தெரியாது; ராப் அதை வைத்தே அவரை மடக்கினார். ஹைட்ரஜன் குண்டுத் திட்டத்தை 1949-ல் எதிர்த்ததும் குற்றச்சாட்டுகளில் சேர்ந்தது. ஹைட்ரஜன் குண்டை ஆதரித்த இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லரின் சாட்சியமும் பாதகமாக அமைந்தது.

விசுவாசமான குடிமகன் என்று ஒப்புக்கொண்டே, அனுமதி கூடாது என 2-க்கு 1 என்று குழு பரிந்துரைத்தது. ஜூன் 29-ல், அனுமதி வழங்கும் அமைப்பான அமெரிக்க அணுசக்தி ஆணையம் 4-க்கு 1 என்று அதை உறுதிசெய்தது. அந்த அனுமதி மறுநாளே காலாவதியாக இருந்தது என்பதையும் கவனியுங்கள்!

1963-ல் அதே ஆணையத்தின் ஃபெர்மி விருதை அவருக்குத் தந்தார்கள். அனுமதியைத் திருப்பித் தரவில்லை. 1967-ல் காலமானார். 1954 முடிவை அமெரிக்க எரிசக்தித் துறை ரத்து செய்தது 2022 டிசம்பரில்தான்.