“புரிந்ததா?” என்றால் எல்லோரும் “யெஸ் மேடம்” என்கிறார்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, பொறியியல் முடித்து, கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். ஒரு தன்னார்வ அமைப்பு மூலமாக ஆறு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தான்சானியா வந்திருக்கிறேன். மோஷி நகரத்தை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி. இந்த ஜனவரியில் சேர்ந்த ஃபார்ம் ஒன் (உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடம்) பிள்ளைகள், ஒரே வகுப்பில் 78 பேர். முதல் வாரம் முடிந்துவிட்டது. “புரிந்ததா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் “யெஸ் மேடம்” என்கிறது. வியாழக்கிழமை பின்னங்களில் ஒரு சின்ன டெஸ்ட் வைத்தேன். பாதிக்கு மேல் வெற்றுத்தாள். யாரும் ஒரு சந்தேகம் கேட்பதில்லை. புதன்கிழமை எட்டு மணிக்கு ஆசிரியர் கூட்டம் என்றார்கள். காலை எட்டுக்கே போய் உட்கார்ந்தேன், யாரும் வரவில்லை. மத்தியானம் கூட்டம் நடந்தபோது நான் அறைக்குத் திரும்பிவிட்டேன். தாமதமாக வந்த பிள்ளைகளைப் பிரம்பால் அடித்ததைப் பார்த்து அன்றிரவு அழுதேன். “கையில் ஒரு குச்சி வைத்துக்கொள், வகுப்பு தானாக வழிக்கு வரும்” என்கிறார் உடன் வேலை செய்யும் ஆசிரியர். நான் இங்கே யாருக்கும் பயன்படவில்லை என்று தோன்றுகிறது. திரும்பி வந்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மோஷி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வராதீர்கள். ஒரு வாரத்தை வைத்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது. நானும் அந்த நாட்டில், டோடோமா பக்கம், கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதால் உங்கள் கடிதத்தில் பாதி எனக்குப் பழகிய இடம். திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் போவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் 78 பேரும் ஏழு வருடம் எல்லாப் பாடத்தையும் அந்த நாட்டின் பொதுமொழியான சுவாஹிலியில் படித்தவர்கள். 1967 முதல் அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாடமொழி சுவாஹிலிதான். ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடம் மட்டுமே. ஃபார்ம் ஒன் வந்ததும், இந்த ஜனவரியில், எல்லாப் பாடமும் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. மோஷிப் பக்கம் பல வீடுகளில் சாகா மொழி பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. நீங்கள் பேசும் ஆங்கிலத்தில் நம் ஊர் உச்சரிப்பு வேறு இருக்கும். அந்த “யெஸ் மேடம்” பொய்யும் இல்லை, அலட்சியமும் இல்லை. கேட்டது பெரியவர், மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளின் பதில் அது.

பிளஸ் டூ வரை தமிழில் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். கல்லூரியில் முதல் செமஸ்டரை நினைத்துப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த கணக்கே கரும்பலகையில் அந்நியமாக நின்றிருக்கும். “எனி டவுட்ஸ்?” என்று கேட்டபோது எத்தனை முறை கை தூக்கினீர்கள்? சந்தேகம் இல்லாமலா சும்மா இருந்தீர்கள்? சந்தேகத்தைக் கேட்கவும் ஆங்கிலம் வேண்டியிருந்ததே. அந்த வகுப்பறை முழுக்க இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற தன்னார்வ ஆசிரியர் எல்லோருக்கும் இந்த அனுபவம் கிடைத்திருக்காது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அந்த டெஸ்ட் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களா? எடுத்து, எந்தக் கணக்கு வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். எண்களாகக் கொடுத்ததா, வாக்கியமாகக் கொடுத்ததா? என் ஊகம் சரியென்றால் வாக்கியக் கணக்குகளே அதிகம் விடுபட்டிருக்கும். ஊகத்தை நம்ப வேண்டாம், திங்கட்கிழமை சோதித்துவிடுங்கள். ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போர்டில் எழுதுங்கள். மேலே, முக்காலிலிருந்து அரையைக் கழி என்று எண்களில் மட்டும். கீழே, ஒரு விவசாயியிடம் முக்கால் ஏக்கர் இருந்தது, அரை ஏக்கரில் சோளம் போட்டார், மீதி எவ்வளவு என்று ஆங்கில வாக்கியத்தில். மேலே உள்ளதைப் போட்டுவிட்டுக் கீழே உள்ளதை விட்டவர்களுக்குக் கணக்கு தெரியும், மொழிதான் தடை. இரண்டையும் விட்டவர்களுக்குப் பின்னமே பிடிபடவில்லை. அவர்களுக்குக் காகிதத்தை மடித்துக் கிழித்துக் காட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் பாவித்துச் சத்தமாகவும் நிதானமாகவும் அதே ஆங்கிலத்தைத் திருப்பிச் சொன்னால் ஒருவருக்கும் பயன் இருக்காது.

மொழித் தடை உள்ளவர்களுக்காக இப்படிச் செய்து பாருங்கள். தினமும் போர்டின் ஓரத்தில் மூன்றே மூன்று ஆங்கிலச் சொற்கள். ‘ரிமெய்ண்டர்’, ‘ஈக்வலி’, ‘டிஃபரன்ஸ்’ போல அன்றைய கணக்குக்குத் தேவையானவை. அவற்றுக்குச் சுவாஹிலியில் என்ன என்று பிள்ளைகளே சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டுவது ‘ஜும்லிஷா’, கழிப்பது ‘தோவா’, பெருக்குவது ‘ஸிதிஷா’, வகுப்பது ‘கவான்யா’. இந்த நான்கையும், ஒன்று முதல் பத்து வரை மோஜா, ம்பிலி, தாது என்று எண்களையும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். நீங்கள் தப்பாக உச்சரித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டீச்சர் தப்பு செய்து திருத்திக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் அவர்களும் ஆங்கிலத்தில் வாயைத் திறப்பார்கள்.

ஆனால் பாடத்தையே சுவாஹிலிக்கு மாற்றிவிட நினைக்க வேண்டாம். ஃபார்ம் டூவிலும் ஃபார்ம் ஃபோரிலும் வரும் தேசியத் தேர்வில் கணக்குத் தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அந்தத் தாளை நம்பி அவர்கள் எதிர்காலம் இருக்கிறது. இன்னொன்று, சில பள்ளிகளில் வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்று விதி உண்டு. அதனால் தலைமை ஆசிரியரிடம், “மூன்று சொற்களுக்கு மட்டும் சுவாஹிலி எழுதிப் போடுகிறேன், வாக்கியக் கணக்கு புரிவதற்காக” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்குள்ள ஆசிரியர்களும் வகுப்பில் சுவாஹிலியைக் கலந்துதான் விளக்குகிறார்கள். உங்களைத் தடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இனி “புரிந்ததா?” என்று கேட்பதையே விட்டுவிடுங்கள். ஒரு பெஞ்சுக்கு ஒரு தாள் கொடுங்கள். மூன்று பேர் சேர்ந்து, எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசி, விடையை எழுதி உயர்த்திக் காட்டட்டும். 78 நோட்டுக்குப் பதிலாக 26 தாள். ஒரு பார்வையில் வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். தப்பான தாளை எடுத்து அந்தப் பெஞ்சின் பெயரைச் சொல்லாமல் போர்டில் எழுதி, எங்கே வழுக்கியது என்று எல்லோருமாகத் தேடுங்கள். பெரிய வகுப்புகளுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. வகுப்பு ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டால், 2016 முதல் ஃபார்ம் ஃபோர் வரை அரசுப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். வர முடியாதிருந்த பிள்ளைகள் வந்தார்கள். அறைகளும் ஆசிரியர்களும் அதே வேகத்தில் கூடவில்லை. அந்த நெரிசலில் உட்கார்ந்திருக்கும் சிலர், முன்பாக இருந்தால் வயலுக்கோ வீட்டு வேலைக்கோ போயிருப்பார்கள்.

கூட்டத்தைத் தவறவிட்டதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அங்கே மணி சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, நம் மதியம் இரண்டு அவர்களுக்கு எட்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கும், அந்தக் கணக்கும் பிசகாது. நம் தாத்தா பாட்டி உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தானே. யாராவது மணி சொன்னால், “சுவாஹிலி நேரமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வராததற்குத் தலைமை ஆசிரியரிடம் திங்கட்கிழமையே காரணம் சொல்லிவிடுங்கள். மூத்த ஆசிரியர்களைக் காலையில் பார்த்ததும் “ஷிகமோ” என்று நீங்கள் முதலில் வணக்கம் சொல்லுங்கள். “மரஹபா” என்பார்கள். இதைச் சொல்லாமல் நேரே வேலை விஷயம் பேசினால் அங்கே மரியாதைக் குறைவு.

அடி விஷயத்துக்கு வருகிறேன். இதில் என்னால் நடுநிலையாகப் பேச முடியாது. பிள்ளையை அடிப்பது தவறு. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. தான்சானியாவில் சட்டம் இன்னும் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. தலைமை ஆசிரியரோ, அவர் எழுத்து மூலம் அனுமதித்த ஆசிரியரோ மட்டும்தான் செய்யலாம், அதைப் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் கைக்குக் குச்சி வரவே கூடாது. அதைவிட முக்கியம், அடங்காத பிள்ளையை இன்னொரு ஆசிரியரிடம் அனுப்பாதீர்கள். அடிப்பவர் வேறு என்பதால் உங்கள் பொறுப்பு போய்விடாது. உடன் வேலை செய்பவரிடம், “நான் வளர்ந்த விதத்தில் என்னால் முடியாது, என் வகுப்பை நான் வேறு மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன்” என்று பணிவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் வாதாட வேண்டாம். தாமதமாக வருபவர்களில் எத்தனை பேர் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, மலைச்சரிவில் வெகுதூரம் நடந்து வருகிறார்கள் என்று விசாரியுங்கள். அதைத் தலைமை ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம். காயம் படும் அளவுக்கு ஏதாவது நடந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். அவரிடமும் உங்களை அனுப்பிய அமைப்பிடமும் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்.

பயன்படவில்லை என்கிறீர்களே, அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியரின் வகுப்பில் இதுவரை பின்வரிசையில் போய் உட்கார்ந்தீர்களா? இந்த வாரம் இரண்டு வகுப்பாவது உட்காருங்கள். எங்கே சுவாஹிலிக்குத் தாவுகிறார், எந்த உதாரணத்துக்குப் பிள்ளைகள் நிமிர்கிறார்கள் என்று கவனியுங்கள். இடைவேளையில் டீயும் மந்தாசியும் (எண்ணெயில் பொரித்த இனிப்புப் பண்டம்) வரும்போது செல்போனை எடுக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வருடா வருடம் அந்தப் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். நீங்கள் அவருக்கு இரண்டாவது கையாக இருந்தால், நீங்கள் கிளம்பிய பிறகும் வேலை நிற்காது.

இரண்டு சின்ன விஷயங்கள். உங்களுக்கு வாங்கிக் கொடுத்திருப்பது தன்னார்வலர்களுக்கான ‘சி’ வகுப்பு வதிவிட அனுமதிதானா என்று அமைப்பிடம் கேட்டுச் சரிபாருங்கள். சுற்றுலா விசாவில் பள்ளியில் வேலை செய்யக் கூடாது, மாட்டிக்கொண்டால் அவதி உங்களுக்குத்தான். பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடாதீர்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, எந்தப் பாடத்தில் எந்தச் சொல் தடுத்தது, எந்த உதாரணம் எடுபட்டது என்று வகுப்பு முடிந்ததும் எழுதி வையுங்கள். ஆறாவது மாதம் அதை அந்தக் கணக்கு ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால் அவருக்குப் புரிகிற எளிய ஆங்கிலத்தில், நாளையிலிருந்தே ஆரம்பியுங்கள்.