ஏற்காட்டு வீட்டுப் பரண்ல கிடைச்ச துப்பாக்கி

தாத்தாவோட ஏற்காட்டு வீட்டுப் பரண்ல கிடைச்ச துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. அதுல நம்பர் பொறிச்சிருந்தா அழிஞ்சிடும், அதை அழிக்கறதே தனிக் குற்றம். குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கின்னா பழைய மருந்து உள்ளேயே இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருஷமானாலும் வெடிக்கும்.

1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்கக் கூடாது. லைசென்ஸ் வேண்டாம்னு அதே சட்டத்தோட 45ஆம் பிரிவு தர்ற விலக்கு, ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழசுக்குத்தான். சரி பண்ணப் பண்ண சிக்கல்தான் கூடும்! 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்குத் தூக்கிட்டு வராதீங்க. ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி ஆளை வரச் சொல்லுங்க. அதுக்குள்ள ட்ரங்குப் பெட்டியில தாத்தாவோட லைசென்ஸ் புத்தகம் இருக்கான்னு தேடுங்க.