சிலம்படி தற்காப்புக் கலைக்குள் அடங்குமா?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறோம். மகனுக்கு 11 வயது. தற்காப்புக் கலை பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கோவிலடியில் பெரியவர் ஒருவர் நான்கைந்து பிள்ளைகளுக்குச் சிலம்படி பழக்குகிறார், காசு வாங்குவதில்லை. பாடசாலையில் விசாரித்தபோது, சிலம்பம் கலைநிகழ்ச்சியில் சேரும், தற்காப்புக் கலைக்குள் வராது என்றார்கள். நகரத்தில் கராத்தே வகுப்பு நடத்தும் மாஸ்ரர் ஒருவர், 45,000 ரூபாவை ஒரேயடியாகக் கட்டினால் ஒரு வருடத்துக்குள் கறுப்புப் பட்டியும் சர்வதேசச் சான்றிதழும் எடுத்துத் தருவதாகவும், அவை பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்க வேலைக்கும் உதவும் என்றும் சொல்கிறார். எது உண்மையான தற்காப்புக் கலை? பிள்ளையை எதில் சேர்க்கலாம்?

பதில்: சகோதரி, சிலம்படி தற்காப்புக் கலைதான். அதில் உங்களுக்கு ஐயம் வேண்டாம். அந்த 45,000 ரூபாவையும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

பாடசாலையில் உங்களுக்குத் தவறான பதில் கிடைத்ததற்குக் காரணம், இரண்டு வேறு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதே. ஒரு பயிற்சி தற்காப்புக் கலையா என்பது ஒரு கேள்வி. அந்தப் பயிற்சிக்கு அரசாங்கத்தின் விளையாட்டுப் பட்டியலில் இடம் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. நீங்கள் முதலாவதைக் கேட்டீர்கள், அவர்கள் இரண்டாவதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். பட்டியலை வைத்துத்தான் முடிவுசெய்வது என்றால், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டு 2024இல் பாரிசில் நீக்கப்பட்ட கராத்தே, இடையில் மூன்று வருடங்கள் மட்டும் தற்காப்புக் கலையாக இருந்தது என்று சொல்ல வேண்டி வரும். யூடோ 1964இலும் தைக்குவொண்டோ 2000இலும் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாகின. அதற்கு முன்னரும் அவற்றைப் பழகியவர்கள் சண்டைக் கலையைத்தான் பழகினார்கள்.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? நுணுக்கமான வரைவிலக்கணங்கள் பல உண்டு, அவை உங்களுக்குத் தேவையில்லை. ஒரு பயிற்சியில் உள்ள அசைவுகள் இன்னொருவர் தாக்கும்போது தடுக்கவோ விலகவோ திருப்பித் தாக்கவோ அவரை அடக்கவோ உருவானவையாக இருக்க வேண்டும். அவை ஆசானிடமிருந்து மாணாக்கருக்குப் படிப்படியாகக் கையளிக்கப்பட வேண்டும். எதிரே ஒருவரை நிறுத்தி, காயம் வராத கட்டுப்பாட்டுடன் பழகும் பகுதி அதில் இருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால், கையால் செய்தாலும் தடியால் செய்தாலும், யப்பானில் தோன்றினாலும் வன்னியில் தோன்றினாலும், அது தற்காப்புக் கலை. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் இதற்குள் அடங்கும். யோகாசனம் உடலுக்கு மிக நல்லது என்றாலும் இதற்குள் அடங்காது.

சிலம்படியை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். தொடக்கத்தில் பிள்ளை கம்பை வெறுமனே சுழற்றுவதுபோல் தெரியும். உண்மையில் அவன் முதலில் பழகுவது காலைத்தான். எந்தக் கால் முன்னே, எந்தப் பக்கம் திரும்புவது, உடலின் பாரம் எங்கே நிற்பது என்ற காலடி வரிசைகள் படிந்த பின்னர்தான் கம்பு கைக்கு வசப்படும். அதன் பிறகு இருவரை எதிரெதிரே நிறுத்தி, ஒருவர் அடிக்க மற்றவர் தடுக்கும் முறை வரும். போட்டியாக ஆடும்போது எதிராளியின் உடலைக் கம்பால் தொட்டால் புள்ளி. இதைக் கலைநிகழ்ச்சி என்று ஒதுக்குகிறவர்கள், திருவிழாவில் மேளத்துக்கு ஏற்பச் சுழலும் அலங்காரச் சிலம்பத்தை மட்டும் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். ஆகவே கோவிலடிக்கு மூன்று மாலைகள் சென்று பாருங்கள். பெரியவர் பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி அடியும் தடுப்பும் சொல்லிக்கொடுத்தால் உங்கள் மகன் கலையைப் பழகுவான். ஊர்வலத்துக்கான சுழற்றலோடு மட்டும் நின்றால், அவன் அந்தக் கலையின் ஒரு கிளையைப் பழகுவான். அதுவும் வீண்போகாது.

இனிக் கறுப்புப் பட்டிக்கு வருகிறேன். உங்களைப் போன்ற பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டி முறை பழங்காலத்து வழக்கம் அன்று. யிகோரோ கானோ என்னும் யப்பானிய ஆசிரியர் 1882இல் கொடோக்கன் என்ற யூடோப் பள்ளியைத் தொடங்கி, மாணாக்கரின் படிநிலையைக் காட்ட அந்த முறையை ஏற்படுத்தினார். கராத்தேயில் கிச்சின் புனாகோசி 1924இல்தான் முதல் கறுப்புப் பட்டிகளை வழங்கினார். பிள்ளைகள் ஆசைப்படும் மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நிறங்கள் யூடோ ஐரோப்பாவுக்குப் போன பின்னர் பரவியவை. முதல் கறுப்புப் பட்டியை ஷோடான் என்பார்கள், அச்சொல்லுக்கே தொடக்கப் படி என்பதுதான் பொருள். அடிப்படையை ஒழுங்காகக் கற்றுவிட்டான், இனிப் படிக்கத் தொடங்கலாம் என்பதற்கான அடையாளம் அது. ஒழுங்கான பள்ளியில், கிழமைக்கு இரண்டு மூன்று நாள் தவறாமல் வருகிற பிள்ளைக்கே அந்தப் படி கிட்ட மூன்று நான்கு வருடங்களாவது செல்லும். தைக்குவொண்டோவில் கொரியாவின் குக்கிவோன் நிறுவனம் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கறுப்புப் பட்டித் தரத்தைக் கொடுப்பதே இல்லை. பூம் என்ற பெயரில் சிவப்பும் கறுப்பும் கலந்த பட்டியையே கொடுக்கிறது. இந்த நிலையில், 11 வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடத்தில் கறுப்புப் பட்டி என்று விலை பேசுகிறவர் எந்தக் கலையையும் விற்கவில்லை, ஒரு துணித்துண்டையே விற்கிறார்.

சர்வதேசச் சான்றிதழும் அதே வகைதான். உலகம், சர்வதேசம், ஆசியா என்ற சொற்களைக் கடிதத் தலைப்பில் அச்சடிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில போட்டிகளில் வயது, எடை, பட்டி நிறம் என்று பிரித்துப் பிரித்து, கடைசியில் ஒரு பிரிவில் இரண்டு பிள்ளைகளே எஞ்சுவார்கள், இருவரும் பதக்கத்தோடு வீடு திரும்புவார்கள். அடுத்த மாதம் அதே மாஸ்ரர் வீட்டு வாசலில் நின்று, பிள்ளை வெளிநாட்டுப் போட்டிக்குத் தெரிவாகிவிட்டான், விமானச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பார். நகையை அடகு வைத்துக் கொடுத்த தாய்மாரை நான் அறிவேன். இலங்கையைப் பிரதிநிதித்துவம் செய்து வெளிநாடு செல்லும் தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அனுமதி தேவை. அந்த அனுமதி இல்லாமல் தேசிய இலச்சினை பொறித்த மேற்சட்டையைப் பிள்ளைக்கு அணிவித்துப் படம் எடுப்பது ஊரை ஏமாற்றும் செயல்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு வகை வியாபாரமும் தலையெடுத்திருக்கிறது. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் போர்க்கலையை இரகசியமாகக் காத்து வந்தோம் என்று சொல்லி இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் வாங்குகிறார்கள். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியதும், அதே வருடம் ஒக்ரோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோல்வியுற்றதும் வரலாறு. கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் அந்தத் தோல்வியின் நினைவாக எழுந்தது. அவன் படைக்கு என்ன வரிசை, என்ன பாடம் பழக்கினான் என்று அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை. காஞ்சியிலிருந்து சென்ற பௌத்தத் துறவி போதிதர்மர்தான் சீனருக்குச் சண்டைக் கலையைக் கற்பித்தார், ஆகவே எல்லாம் எங்களுடையவை என்று தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர் பெயரோடு உடற்பயிற்சியை இணைக்கும் சீன நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அவர் வாழ்ந்த காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. நம் கலைக்கு இந்த இரவல் பெருமை தேவையில்லை. அதேபோல், தொட்டால் ஆள் விழும் என்று சொல்லிச் சிறுவருக்கு வர்மம், அதாவது உடலின் உயிர்நிலைகளைத் தாக்கும் முறை, கற்பிப்பதாகக் கூறுகிறவரிடம் பிள்ளையை அனுப்பவே வேண்டாம். வர்மம் பல வருடப் பழக்கத்தின் பின், மாணாக்கரின் குணம் அறிந்து, அடிபட்டால் மீட்கும் மருத்துவ முறையோடு சேர்த்துக் கடைசியாகச் சொல்லப்படுவது.

சான்றிதழ் பயன்படுமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற தேசியச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றோடு இணைந்த கழகத்தின் வழியாகப் பெறும் போட்டி முடிவுகளும், பாடசாலை மட்டத்திலிருந்து மாகாணம், அகில இலங்கை என்று ஏறிப் பெறும் முடிவுகளுமே பிற்காலத்தில் எடுபடும். பட்டிச் சான்றிதழ் தனியே நின்று எந்தக் கதவையும் திறக்காது. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டிருப்பதைக் காட்டி இங்கே சான்றிதழ் விற்கிறவர்களும் உண்டு. அந்த ஆணை அந்த மாநிலத்தோடு முடிகிறது, இலங்கையில் செல்லாது.

இந்த இடத்தில் என் மனத்தாங்கலையும் மறைக்க முடியவில்லை. பல வருடங்களுக்கு முன்னர் என்னிடம் பழகிய பிள்ளைகள் சிலம்பத்தில் சிறப்பாகச் செய்தார்கள். அவர்களுக்குச் சான்றுப் பத்திரம் கேட்டு ஒரு பணிமனைக்குச் சென்றேன். படிவத்தில் சிலம்பத்துக்கு நிரல் இல்லை என்று விளையாட்டுப் பிரிவு கலாசாரப் பிரிவுக்கு அனுப்பியது, கலாசாரப் பிரிவு திரும்ப விளையாட்டுக்கே அனுப்பியது. மூன்றாவது தடவை சென்றபோது குழு நடனம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். ஒரு வரி கூடுதலாக அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும் விடயத்துக்காக, தடியடியைத் தடுத்து விரல் வீங்கிய பிள்ளைகள் நடனம் ஆடியதாகப் பதிவாகி இருக்கிறார்கள். உங்கள் மகனின் பாடசாலை சொன்ன பதிலும் இதே படிவத்திலிருந்து வந்ததுதான்.

பதிவையும் இணைப்பையும் கேளுங்கள் என்று சொன்ன நான், கோவிலடிப் பெரியவரிடம் அவற்றைக் கேட்க வேண்டாம் என்று சொல்வது முரணாகத் தெரியலாம். இந்த ஒரு விலக்கை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இடப்பெயர்வுகளில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையுமே தொலைத்த மண்ணில், வாய்வழியாகவும் கைவழியாகவும் வந்த கலைக்குக் கடதாசி காட்டு என்று முதியவர் ஒருவரைக் கேட்பது நியாயம் ஆகாது. ஆனால் கடதாசி இல்லாத எல்லோரும் ஆசான் ஆகிவிட மாட்டார்கள், இரகசியக் கலை விற்கிறவர்களிடமும் கடதாசி இருப்பதில்லை. வேறுபாட்டை நீங்களே கண்டுகொள்ளலாம். உண்மையான ஆசானிடம் யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டால், தயங்காமல் தன் ஆசானின் பெயரையும் ஊரையும் சொல்வார், ஊரில் உள்ள வயது போனவர்களில் ஒருவருக்காவது அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அவர் திறந்த வெளியில் பழக்குவார், தாய் தகப்பன் நின்று பார்ப்பதைத் தடுக்க மாட்டார். சண்டித்தனத்துக்குக் கம்பைத் தூக்கிய பிள்ளையை ஒரு கிழமைக்கேனும் வெளியே நிறுத்தியிருப்பார். எப்போது முடியும் என்று கேட்டால் நாள் குறித்துச் சொல்ல மாட்டார். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பொறுக்கலாம், ஆனால் பெற்றோர் நின்று பார்க்கக் கூடாது என்று சொல்கிறவரிடம், அவரிடம் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும், ஒரு நாளும் பிள்ளையை விடாதீர்கள்.

ஆகவே மகனை இப்போது கோவிலடிக்கே அனுப்புங்கள். 13, 14 வயதில் போட்டிக்குப் போக ஆசைப்பட்டால், கராத்தேயிலோ யூடோவிலோ சேர்க்கலாம், சிலம்பத்தில் பழகிய கால் அங்கும் கைகொடுக்கும். அப்போது பணம் கட்டுவதற்கு முன்னர் உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் சென்று, இந்தக் கழகம் எந்தத் தேசியச் சங்கத்தோடு இணைந்தது, பாடசாலைப் போட்டிக்கு இங்கிருந்து பிள்ளைகள் போயிருக்கிறார்களா என்று இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். ஆள் இல்லை, நாளை வாருங்கள் என்பார்கள். மறுநாளும் போங்கள், இதைச் சொல்வது அவர்களின் கடமை.

கம்பைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. பெரியவரையே கேட்டு, மகனின் நெற்றி உயரத்துக்கு வெட்டுவித்துக்கொள்ளுங்கள். முனைகளில் சிலாம்பு இல்லாமல் தேய்த்துக் கொடுங்கள். அவன் வளரும் வயதில் இருப்பதால் அடுத்த வருடம் இன்னொன்று வெட்ட வேண்டி வரும்.