ஆடி அலையும் தை அலையும்

கேள்வி: ஆனி, ஆடியில் எங்கள் குளச்சல் கரையில் அலை வீட்டு வாசலைத் தொடுகிறது. காசு கொடுத்து எரிபொருள் வாங்க வேண்டாத இந்த அலையிலிருந்து ஏன் இன்னும் மின்சாரம் எடுக்கவில்லை?
– மீனவர் மகள், குளச்சல்

பதில்: எடுத்திருக்கிறோம் அம்மா, உங்களுக்குப் பக்கத்திலேயே. கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் சென்னை ஐ.ஐ.டி. 1991-இல் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஒன்றை நிறுவியது. துறைமுகப் பொறியாளராக வேலை பார்த்த நாட்களில் நான் அதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். நீருக்கடியில் வாய் திறந்த பெரிய கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறினால் காற்று மேலே தள்ளப்படும். இறங்கினால் உள்ளே இழுக்கப்படும். கொல்லன் துருத்தியேதான். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் விசையாழி (டர்பைன்) அதன் தலையில் இருந்தது. சுழலும் பாகம் எதுவும் உப்புநீரில் கிடக்க வேண்டாம் என்பதால் இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இப்போது அது ஓடவில்லை.

எரிபொருளுக்குக் காசில்லை என்பது சரி. காசெல்லாம் கட்டுமானத்தில் போகிறது. அலையின் உயரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். அலைகளுக்கு இடையேயான நேரம் நீண்டாலும் கூடும். ஒரு மீட்டர் உயரம், 6 விநாடி இடைவெளி உள்ள தை மாத அலை, கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 3 கிலோவாட் கொண்டுவரும். 2 மீட்டர், 8 விநாடி என்றால் 16. புயலில் 8 மீட்டர், 12 விநாடி அலை எழுந்தால் 380-ஐத் தாண்டும். வருமானம் தருவது மூன்றும் பதினாறும். ஆனால் கான்கிரீட்டும் கம்பியும் போட வேண்டியது அந்த 380-க்கு! நார்வேயில் பெர்கன் அருகே 1985-இல் அமைத்த 500 கிலோவாட் நிலையத்தின் கோபுரத்தை 1988 டிசம்பர் புயல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சூரியத் தகடு ஆலையில் கோடிக்கணக்கில் வார்க்கப்படுவதால் மலிந்தது. அலைக்கருவியை ஒவ்வொரு கடலுக்கும் தனியாக வடிவமைக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக இதைக் கைவிட எனக்கு மனமில்லை. 2022-இல் தூத்துக்குடிக்கு அப்பால் ஐ.ஐ.டி.யினர் ‘சிந்துஜா’ என்ற மிதவைக் கருவியைச் சோதித்தார்கள். ஆனால் நமக்கு ஏற்ற வழி என்று நான் நம்புவது ஸ்பெயினின் ‘முத்ரிக்கு’ என்ற ஊரில் இருக்கிறது. துறைமுகத்துக்கு எப்படியும் கட்ட வேண்டியிருந்த அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே காற்றறைகளை அமைத்து, 2011-இல் 16 விசையாழிகளுடன் ஓட்டத் தொடங்கினார்கள். மொத்தம் 296 கிலோவாட்தான், ஊர் முழுவதற்கும் போதாது. ஆனால் சுவரின் செலவில் பெரும்பகுதி துறைமுகக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

உங்கள் கரையில் சுவரை நீட்டுவதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். கல் கொட்டும் இடத்தில் இப்படி அறைகள் வைக்க முடியுமா, தை, மாசி உட்பட பன்னிரண்டு மாதமும் அங்கே அலையை அளந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.